சொந்தம் என்றால் விசித்திரமா?

பழைய ஆங்கில விவிலியம் உள்ள வீடுகள் நம் பங்குகளில் இன்னும் சில உண்டு. அத்தகைய வீடொன்றில் மாலைச் செபம் முடிந்தபின், கல்லூரியில் பயிலும் மூத்த மகன் நம்மிடம் வினவினான்: "ஐயா, இஸ்ராயேலரைப் 'பிக்யூலியர்' மக்கள் என்கிறதே இந்நூல்! அவர்கள் என்ன, விசித்திரப் பிறவிகளா?" அவன் கையிலிருந்தது டூவே பதிப்பு, சுட்டியது இணைச்சட்டம் 7:6.

இன்றைய வழக்கில் அச்சொல்லுக்கு விநோதமான, ஒரு மாதிரியான என்பனவே பொருள். ஆனால் அதன் வேர் வேறு. இலத்தீனில் 'பெக்கு' என்றால் கால்நடை. ஆடுமாடே செல்வமாயிருந்த காலத்தில், அதிலிருந்து 'பெக்கூலியும்' என்ற சொல் பிறந்தது. ஒருவரது தனிச்சொத்து என்பது பொருள். (வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் மாடு என்பதைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டிருப்பதை அன்பர்கள் அறிவர்.) உரோமைச் சட்டப்படி அடிமைக்குச் சொத்துரிமை இல்லை. எனினும் தலைவன் இசைந்தால் சிறிது பொருளைத் தன் பொறுப்பில் வைத்து ஆளலாம்; அதுவும் பெக்கூலியுமே. அதைச் சிறுகச் சிறுகப் பெருக்கித் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைகள் உண்டு.

எனவே டூவே பதிப்பு சொல்வது, 'ஆண்டவரின் சொந்த மக்கள்' என்பதே. தனக்கே உரியது என்ற பொருள், பிறரிடம் காணாதது என்றாகி, பின்னர் விசித்திரமானது என்று திரிந்தது. 1966இல் வெளிவந்த ஆர்.எஸ்.வி. கத்தோலிக்கப் பதிப்பு அவ்விடத்தில் இச்சொல்லை விட்டுவிட்டு, சொந்த உடைமை என்று தெளிவாகவே கூறுகிறது. நல்லதுதான், ஆயினும் பழைய சொல்லின் மீது நமக்கொரு பற்று.

இதன் உறவுச் சொற்களைப் பாருங்கள். 'ஸ்ட்ரேஞ்ச்' வெளியிலிருந்து வந்தவனைக் குறித்த சொல். 'ஆட்' இரண்டிரண்டாகச் சேர்த்தபின் எஞ்சிய ஒற்றை. 'எக்சென்ட்ரிக்' மையத்தை விட்டு விலகியது. மூன்றுமே ஒருவனைத் தள்ளி நிறுத்துகின்றன. பிக்யூலியர் ஒன்றுதான் வீட்டுக்குள் பிறந்த சொல்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த தாயார் மெல்லக் கூறினார்: "எங்கள் சின்னவனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லைத்தான் எழுதி அனுப்பியிருந்தார்கள், ஐயா. அவன் யாரோடும் சேர்வதில்லையாம்."

அவர்கள் இன்றைய பொருளில்தான் எழுதியிருப்பார்கள் என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. விவிலியத்தை வாங்கி, அந்தப் பக்கத்தில் மாதாவின் சிறு படமொன்றை அடையாளமாக வைத்து மூடினார்.