சீட்டில் இருப்பது வட்டியா, பங்கிலாபமா?



அண்மையில் உடப்பில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்து, மன்னாரிலிருந்து பிள்ளைகளோடு வந்து, கருவாடு போட்டுக் குடும்பத்தைக் காத்தவர். பெட்டியைத் திறந்து இரண்டு கடதாசிகளை நீட்டினார். "தங்கச்சி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ. ரெண்டிலயும் காசு வெட்டியிருக்கினம். வருமானமே இல்லாத எனக்கு என்ன வரி?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு கடதாசிகளுக்கும் ஒரே பதில் இல்லை.

முதலாவது, வங்கியிலுள்ள நிலையான வைப்புக்கான வட்டிச் சீட்டு. வட்டி 40,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் வெட்டப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதம் முற்பண வருமான வரியாகக் கழிக்கப்படுகிறது. அதே நாள் முதல் ஒருவரின் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அவருக்கு வருமான வரி இல்லை. அப்படிப்பட்டவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால், இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே வெட்டியதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் வரி அறிக்கை சமர்ப்பித்து மீளக் கேட்கலாம். பிரகடனத்தில் உண்மையை மட்டும் எழுத வேண்டும்.

இரண்டாவது, பங்கிலாபச் சீட்டு. கணவர் ஒரு கம்பனியில் வேலை செய்த காலத்தில் வாங்கிய சில பங்குகள் பின்னர் அக்காவின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தன. பங்கிலாபம் 6,000 ரூபாய். கைக்கு வந்தது 5,100. பங்கிலாபத்துக்கான கழிவு 2018 ஏப்ரலில் 14 சதவீதமாக இருந்தது. 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் 15 சதவீதமாகத் திரும்ப வந்தது. இது இறுதி வரி. வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 18 இலட்சம் ரூபாய்ச் சலுகை இதற்கு உதவாது. வெட்டிய 900 ரூபாய் திரும்பி வராது.

"அப்ப வசதியானவருக்கும் எனக்கும் ஒரே வெட்டா?" என்று அக்கா கேட்டார். ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இது பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கதையல்ல. கற்பிட்டியிலும் முந்தலிலும் சில சகோதரிகள், "நாங்கள் சேர்ந்து ஒரு கம்பனி பதியலாமா?" என்று கேட்கிறார்கள். பதியலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பொதுவான வீதப்படி கம்பனி இலாபத்தில் 30 சதவீதம் வரி. 100 ரூபாய் இலாபத்தில் மிஞ்சுவது 70. அதைப் பங்கிலாபமாகப் பிரித்தால் இன்னும் 10 ரூபாய் 50 சதம் போகும். கைக்கு வருவது 59 ரூபாய் 50 சதம்.

ஆகவே மீனை வெட்டி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்த உழைப்புக்கு முதலில் சம்பளம் எழுதுங்கள். சம்பளம் கம்பனியின் செலவு. அதைக் கழித்த பிறகே இலாபம். உங்களுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால், மாதம் 1,50,000 ரூபாய் வரை அதற்கு வரி இல்லை. சேமலாப நிதிக்கு நீங்கள் 8 சதவீதமும் கம்பனி 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 சதவீதமும் கட்ட வேண்டும். அது வயதான காலத்துக்கு உதவும் பணம். உழைப்புக்குக் கூலி எழுதாமல், எல்லாவற்றையும் "இலாபம்" என்று பிரித்துக்கொள்வதுதான் நம் பெண்களின் பழைய வழக்கம். அதில் நட்டப்படுவதும் நாங்களே.

இன்னொன்று. மகளின் கலியாணத்துக்கென்று கம்பனிப் பணத்தை எழுத்தில்லாமல் எடுக்காதீர்கள். பங்குதாரருக்குக் கம்பனி கொடுக்கும் "கடன்" உண்மையில் மறைத்துப் பிரித்த இலாபமா என்று வரிச் சட்டங்கள் பார்க்கும். இந்தியாவில் 1955 முதலே, ஒரு சிலரின் கையிலுள்ள கம்பனிகள் முக்கிய பங்குதாரருக்குக் கொடுக்கும் கடனைப் பங்கிலாபமாகக் கருதும் விதி இருக்கிறது. எங்கள் நாட்டுச் சட்டமும் பங்கிலாபம் என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுக்கிறது. கடன் என்றால் ஒப்பந்தம், தவணை, கூட்டக் குறிப்பு மூன்றும் இருக்கட்டும்.

அடுத்த நாள் அக்கா வட்டிச் சீட்டுடன் வங்கிக்குப் போய்ப் படிவம் கேட்டார். பங்கிலாபச் சீட்டைப் பத்திரமாக உறையில் வைத்தார். நீங்களும் இந்த வாரம் பெட்டியைத் திறந்து பாருங்கள். விளங்காத கடதாசி இருந்தால், கையொப்பமிடுவதற்கு முன் ஒருவரிடம் வாசித்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.