“உணவே மருந்து” என்போரே, அந்த உணவு எங்கே?

“உணவே மருந்து!” இந்தக் கோஷம் இன்று நாலா பக்கமும் ஒலிக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், தாம்பரம் என்று எந்தக் கடைவீதியிலும் சத்துமாவு டப்பாக்களும் மூலிகைப் பொடிகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒரு டப்பா வாங்கினால் கூலிக்காரனின் ஒரு நாள் கூலி போய்விடும். எதிர்க்கடையில் மருந்துக் கம்பெனியின் மாத்திரை. “கோடிகோடியாகச் செலவழித்து ஆராய்ச்சி செய்தோம், கேட்ட விலையைக் கொடு” என்கிறது அது.

மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவே நிற்கிறார்கள். யார் சொல்வது மெய், யார் சொல்வது பித்தலாட்டம்? காசநோயை உரைகல்லாக வைத்து இருவரையும் உரசிப் பார்ப்போம். இந்த நோயின் சரித்திரம் நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மலையடிவாரத்துப் பாடம்

ராஜகீழ்ப்பாக்கத்துக்குச் சில மைல் தூரத்தில், தாம்பரத்து மலையடிவாரத்தில், 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதைச் சர்க்கார் ஏற்றது. ரயில் நிலையத்தின் பெயரிலேயே அந்தச் சரித்திரம் நிற்கிறது. அன்று இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை இவைதான் சிகிச்சை. இவை நான்கும் யாரிடம் இருந்தன? பணமுள்ளவனிடம்! ஆலைப் பஞ்சுத் தூசியிலும் கல்குவாரிப் புழுதியிலும் மூச்சு வாங்கியவனுக்கு ஓய்வு ஏது, பால் ஏது?

1952-ல் ஐசோனியாசிட் என்ற மருந்து வந்தது. அதைப் பற்றிய ஓர் உண்மையைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று பெரிய கம்பெனிகள் ஒரே சமயத்தில் அதன் குணத்தைக் கண்டறிந்து, பேட்டண்ட் வாங்க ஓடின. ஆனால் அந்தப் பொருளை 1912-லேயே பிராக் நகரத்தில் இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் தயாரித்து, ஊரறிய எழுதிவைத்து விட்டார்கள்! ஆகவே எந்த முதலாளியும் அப்பொருளுக்குச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. மருந்து மலிவாகக் கிடைத்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான ஏழைகள் பிழைத்தார்கள். ஏகபோக உரிமை இல்லாவிட்டால் மருந்தே பிறக்காது என்று கூறும் கனவான்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

சென்னை ஆராய்ச்சி சொன்னதும், சொல்லாததும்

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும். மறு பிரிவு நெருக்கடியான தன் வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே ஏறத்தாழ குணமடைந்திருந்தார்கள்! உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது.

இது ஏழைகளுக்குக் கிடைத்த மகத்தான வெற்றி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காகக் காத்திருந்து சாக வேண்டியதில்லை என்று ஆயிற்று. ஆனால் ஆளும் வர்க்கம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. “மருந்து போதும், சோறு வேண்டியதில்லை” என்று அது தன் வசதிக்கு அர்த்தம் செய்துகொண்டது. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவே இல்லை. வந்த நோயை, அரைவயிற்றுக்காரனிடமும் மருந்து குணப்படுத்தும் என்றுதான் அது சொன்னது. நோய் ஏன் அரைவயிற்றுக்காரனைத் தேடி வருகிறது என்ற கேள்விக்கு அது பதில் அல்ல.

அந்தப் பதில் 2023-ல் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்கெடுத்து நடத்திய ஆராய்ச்சி அது. 2,800 நோயாளிகள்; அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் சத்துணவு இல்லாமல் மெலிந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதியில் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். பலன் என்ன? உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே சாவும் வெகுவாகக் குறைந்தது.

தோழர்களே, கவனியுங்கள்! இது ஆயிரம் ரூபாய் டப்பா அல்ல. இமயமலை மூலிகை அல்ல. அரிசி! துவரம் பருப்பு! “உணவே மருந்து” என்ற சொல்லுக்கு விஞ்ஞானம் கொடுத்த அர்த்தம் இதுதான். நாம் கேட்கிறோம்: உணவே மருந்து என்றால், அந்த மருந்தை ரேஷன் கடையில் கொடுப்பதற்கு என்ன தடை?

பொடி வியாபாரியும் பேட்டண்ட் வியாபாரியும்

சித்த வைத்தியத்தை நாம் இழிவாகப் பேசவில்லை. அது மக்களின் தலைமுறைச் சொத்து. தாம்பரம் சானடோரியத்திலேயே 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. மூலிகைகளைச் சோதனைக்கு உட்படுத்தி, பலன் தருவதை மக்களுக்குக் கொடுக்கட்டும், வரவேற்கிறோம். புண்ணுக்கு மஞ்சள் பூசும் நம் பாட்டிமாரின் அறிவுக்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டண்ட் கொடுத்தார்கள். நமது விஞ்ஞானக் கழகம் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்தச் சொத்தைக் காப்பது நம் கடமை.

ஆனால் பொடி வியாபாரி காப்பது அந்தச் சொத்தை அல்ல, தன் கல்லாப்பெட்டியை! காசநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. பொடியை நம்பி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனிடம் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. பிறகு பழைய மருந்துகள் வேலை செய்யா.

அந்த நிலையில் காத்து நிற்கிறான் பேட்டண்ட் வியாபாரி. மருந்துக்குப் பணியாத காசநோய்க்குப் பெடாகுலின் என்ற மருந்து 2012-ல் வந்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் மூல பேட்டண்ட் 2023 ஜூலையில் முடிய வேண்டும். கம்பெனி என்ன செய்தது? அதே மருந்தின் ஓர் உப்பு வடிவத்தைக் காட்டி, மேலும் நான்காண்டு ஏகபோகம் கேட்டது! காசநோய்ச் சிகிச்சையால் காது கேட்கும் சக்தியை இழந்த இரு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும், இதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்திய பேட்டண்ட் ஆபீஸ் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது.

எந்தச் சட்டத்தின் பலத்தில்? பழைய மருந்துக்குப் புது உருவம் கொடுத்தால் மட்டும் போதாது, பலன் கூட வேண்டும் என்கிற 3(டி) பிரிவின் பலத்தில். 2005-ல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வற்புறுத்தி வலுவாக்கிய பிரிவு அது. அதை உடைக்க நோவார்ட்டிஸ் கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்து 2007-ல் தோற்றது. ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான பேட்டண்ட் வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது.

மருந்தின் வடிவத்தை ஆராய்வதே வீண் என்று நாம் கூறவில்லை. ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் வயிற்று அமிலத்தில் சேர்ந்தால் முன்னது கெட்டுப்போகும். கூட்டு மாத்திரையைச் செவ்வையாகத் தயாரிக்காவிட்டால் ரத்தத்தில் போதிய மருந்து சேராது. இதைத் தீர்ப்பது நேர்மையான ஆராய்ச்சி. அது நோயாளியின் எண்ணிக்கை மாத்திரையைக் குறைக்கிறது. மற்றது முதலாளியின் ஏகபோகத்தை நீட்டிக்கிறது. இரண்டுக்கும் ஆராய்ச்சி என்று ஒரே பெயரா?

சர்க்காரின் கணக்கு

மத்திய சர்க்கார் காசநோயாளியின் உணவுக்கு 2018-ல் மாதம் 500 ரூபாய் அறிவித்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. நாளொன்றுக்கு 33 ரூபாய்! அதுவும் பாங்குக் கணக்கு, ஆதார் என்று அலையவிட்டு, காலம் கடந்து வருகிறது. காசநோயை ஒழிக்கப் போவதாக முழங்கிய அதே சர்க்கார், 2024 மார்ச்சில் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தபோது, “நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், இரண்டாண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், கூலியில் 80 சதவீதம் உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. மில் தொழிலாளர்களே, இது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள்! ஆனால் காண்ட்ராக்ட் கூலிக்கும், ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்குமாடிகளில் செங்கல் சுமப்பவருக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும் என்ன உண்டு? படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் உணவு இல்லை. அதனால்தான் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள்.

ஆகவே நாம் கோருகிறோம்:

காசநோயாளியின் வீட்டார் அனைவருக்கும் ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இலவசமாகக் கொடு! சிகிச்சைக் காலம் முழுவதும் விவசாயக் கூலிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கூலியோடு ஓய்வு கொடு! காசநோய் மருந்துகளைப் பொதுத்துறை ஆலைகளில் தயார் செய்! 3(டி) பிரிவில் கை வைக்காதே! பொய் விளம்பரக்காரர்கள் மீது 1954-ம் ஆண்டுச் சட்டத்தை ஏவு!

தோழர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று சளியைப் பரிசோதியுங்கள். டாக்டர் சொல்லும் கெடு முடியும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். சங்கத்திலே கூடி இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். மருந்து மனித அறிவின் கொடை. உணவு உங்கள் உழைப்பின் விளைவு. இரண்டும் உங்களுக்கே சேர வேண்டியவை. கேட்டால் மட்டும் கிடைக்காது, போராடிப் பெறுவோம்!