மரத்தடியில் விற்கட்டும்

பெங்களூரு மைக்ரோ ப்ரூவரிகளுக்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் நண்பர்களின் இன்ஸ்டாகிராமிலாவது பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய தொட்டிகள். பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். கர்நாடக அரசு இதற்கென்றே தனி லைசென்ஸ் தருகிறது.

தமிழ்நாட்டில் ஒரு பனையேறி இதையே தன் மரத்தடியில் செய்தால் கேஸ். 1987லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். அவர் தொழிலாளியா குற்றவாளியா என்பதை அந்தச் சுண்ணாம்புதான் முடிவு செய்கிறது. 2003லிருந்து மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக்கோ, 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியைப் பகலிலேயே விற்கிறது. கள்ளின் போதை ஏறக்குறைய பீர் அளவுதான்.

"கள்ளுல கலப்படம் பண்ணுவாங்களே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் ஹைதராபாத்தில் கலப்படக் கள் குடித்தவர்கள் செத்தார்கள். ஆனால் கலப்படத்துக்கு வசதியான இடம் எது? மரத்துக்கும் கடைக்கும் நடுவில் உள்ள தூரம். கள் நேரம் ஆக ஆகப் புளிக்கும், வைத்திருந்தால் காடியாகிவிடும். மரத்துக்குப் பக்கத்திலேயே, அன்றன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் அது. தடை இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை மறந்துவிட்டோமா?

கேரளாவைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. அங்கே லைசென்ஸ் கடை நடத்துபவரிடம், ஏறுபவர் பெரும்பாலும் கூலி. நான் கேட்பது வேறு. லைசென்ஸ் பனையேறியின் பெயரில் இருக்கட்டும். மரங்களுக்கு எண் போடுங்கள். அந்த மரத்தடியில் மட்டும், இறக்கிய அன்றே விற்கணும். யாருக்கும் கைமாற்றக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் வந்து சாம்பிள் எடுங்கள். மூணு மரத்துக்காரர் முந்நூறு லிட்டர் விற்றால் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

குடியால் சீரழிந்த வீட்டுப் பெண்கள் "எந்த மதுவும் வேண்டாம்" என்றால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். அதைச் சொல்லும் தகுதி அவர்களுக்கு இருக்கிறது, டாஸ்மாக் நடத்தும் அரசுக்கு இல்லை. பனையை மாநில மரம் என்று அறிவித்திருக்கிறோம். அதில் ஏறி இறங்குபவர் மட்டும் போலீஸுக்குப் பயந்துகொண்டே இறங்கணுமா?