படைவீரரின் மனக்காயத்துக்கு 'அமைதிப் பகுதி' என்றொரு எல்லைக்கோடா?

தெற்கு கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ், ரவீந்திர சரோபர் ஏரியை அடுத்துள்ள அமைதியான குடியிருப்புப் பகுதி. சில கிலோமீட்டர் தொலைவில் அலிப்பூரில் கிழக்குப் பிராந்திய ராணுவத்தின் கமாண்ட் மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பிராந்தியத்தின் தலைமையகமான, முன்பு வில்லியம் கோட்டை எனப்பட்ட கோட்டையும், ஆயுதப்படைகள் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வும் இதே நகரில்தான் உள்ளன. ராணுவத்தின் கணக்கேட்டில் கொல்கத்தா ஒரு 'பீஸ் ஸ்டேஷன்', அதாவது அமைதிப் பகுதி. எல்லையில் குண்டடிபட்ட சிப்பாயின் காயத்தைப் பற்றி அரசு கேள்வி கேட்பதில்லை. ஆனால், இத்தகைய அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது மனம் உடைந்துபோன சிப்பாய் இயலாமை ஓய்வூதியம் கோரினால், மருத்துவ வாரியத்தின் அறிக்கை பெரும்பாலும் ஒரே வாசகத்தில் முடிந்துவிடுகிறது: இந்நோய் படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் மோசமடைந்ததும் அல்ல.

லேக் கார்டன்ஸ் போன்ற பகுதிகளில் அடுக்குமாடி வாசல்களில் காவல் பணி செய்து வாழும் முன்னாள் சிப்பாய் ஒருவரை இந்த வாசகம் எங்கே கொண்டு நிறுத்துகிறது? முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, தீர்ப்பாயம், அதன் பிறகு அரசே மேல்முறையீடு செய்தால் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம். உறக்கமின்மையோடும் நடுக்கத்தோடும் போராடும் ஒரு மனிதர், தனது நோய்க்குத் தனது முதலாளியே காரணம் என்பதைத் தானே வழக்காடி நிறுவ வேண்டியிருக்கிறது. அந்த முதலாளி இந்திய அரசு.

பட்டியல் என்னும் வேலி

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (பி.டி.எஸ்.டி.) என்ற நோய்ப்பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்கள் பக்கம் நின்ற மருத்துவர்களும் நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால், அந்த வரையறை போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. விபத்து, பேரிடர், பாலியல் வன்முறை, சக மனிதரின் கொடூர மரணத்தை நேரில் காண்பது ஆகிய அனைத்தும் இந்நோயை உண்டாக்க வல்லவை என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

இந்திய ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான ஓய்வூதிய வழிகாட்டியும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. மனநோயைப் படைப்பணியோடு தொடர்புபடுத்தலாம் என்று 2008ஆம் ஆண்டின் வழிகாட்டி ஏற்கும் சூழல்கள் ஒரு பட்டியலாகத் தரப்பட்டுள்ளன. போர்ப் பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் நடவடிக்கைப் பகுதி, உயரமான மலைப்பகுதி, மிகவும் தனிமைப்பட்ட காவல் நிலை, கடற்பணி, உயிரிழப்பு நேர்ந்த ராணுவ வாகன விபத்து, விமான விபத்து, சிதைந்த உடல்களின் நடுவே பணிபுரிய நேர்ந்த பேரிடர் மீட்பு ஆகியவை அதில் அடங்கும்.

பட்டியலில் இல்லாதவையே அதிகம் பேசுகின்றன. மேலதிகாரியின் தொடர்ந்த அவமதிப்பு அதில் இல்லை. பாலியல் துன்புறுத்தல் இல்லை. முகாமில் தோழன் தூக்கிட்டுத் தொங்கியதை முதலில் கண்ட சிப்பாயின் அதிர்ச்சியும் இல்லை. விடுப்பு மறுப்பு மட்டும் ஒரு நிபந்தனையோடு இடம்பெறுகிறது: ஒரே பிள்ளையாக இருப்பவரின் பெற்றோர் இறப்பது, மனைவியோ குழந்தையோ இறப்பது போன்ற வரையறுக்கப்பட்ட நிகழ்வுகளில் விடுப்பு மறுக்கப்பட்டு, அதிலிருந்து 3 மாதங்களுக்குள் நோய் தோன்றியிருந்தால், பணியால் நோய் மோசமடைந்ததாகக் கருதப்படும். தாய் நோயுற்றுக் கிடந்தபோது விடுப்பு கிடைக்காமல் தவித்தவருக்கு இதில் இடமில்லை. பேரதிர்ச்சியின் முழுமையான அறிகுறிகள் 6 மாதங்களுக்குப் பின்னரும் வெளிப்படலாம் என்று மருத்துவ நூல்கள் கூறும்போது, 3 மாதக் கெடு எந்த அறிவியலிலிருந்து வந்தது? அது கணக்காளர் வகுத்த கெடு. மருத்துவர் வகுத்ததாக இருக்க முடியாது.

தொழிலாளர் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் தன்மை விளங்கும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலின் நோக்கம், நோயுற்ற தொழிலாளியின் நிரூபிக்கும் சுமையைக் குறைப்பது. கல்குவாரித் தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கா துகள் எந்த நாளில் புகுந்தது என்று எவரும் கேட்பதில்லை. சிப்பாய்க்கான பட்டியலோ எதிர்த்திசையில் பயன்படுத்தப்படுகிறது. அதில் இல்லாதவரை வெளியே நிறுத்தும் வேலியாக அது மாறிவிட்டது.

முகாமுக்குள் நடப்பது என்ன?

முப்படைகளிலும் 5 ஆண்டுகளில் 819 தற்கொலைகள் நிகழ்ந்ததாக 2022 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. இந்த ஆண்டுகளில் நாடு எந்த அண்டை நாட்டுடனும் முழுப்போர் நடத்தவில்லை.

காரணங்களும் அறியப்படாதவை அல்ல. யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் என்னும் ராணுவ ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, படையினரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடும் மனஅழுத்தத்தில் இருப்பதாகக் கூறியது. விடுப்பு மறுப்பும் தாமதமும், ஓய்வற்ற வேலை, குடும்பப் பிரச்சனைகள், மேலதிகாரிகளால் இழிவுபடுத்தப்படுதல், கண்ணியமின்மை ஆகியவை சிப்பாய்களின் அழுத்தத்துக்குக் காரணங்களாக அதில் குறிப்பிடப்பட்டன. 2021 ஜனவரியில் இது செய்தியானதும் ராணுவம் ஆய்வை நிராகரித்தது. நிறுவனம் அதைத் தனது தளத்திலிருந்து நீக்கியது. ஆய்வின் மாதிரி சிறியது என்று ராணுவம் கூறிய குறை சரியாகவே இருக்கட்டும். அப்படியானால், பெரிய மாதிரியைக் கொண்டு வெளிப்படையான ஆய்வை நடத்த எது தடுக்கிறது?

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008லேயே படைகளில் மனஅழுத்தம் குறித்து ஓர் அறிக்கை அளித்தது. அதிகாரிகளின் வீட்டு வேலைகளைச் சிப்பாய்கள் செய்யும் 'சகாயக்' முறை, அதாவது நம் ஊரில் ஆர்டர்லி எனப்படும் முறை, சுதந்திர இந்தியாவுக்கு இழுக்கு என்று அது கண்டித்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அந்த அடிமைத்தனத்தை ஒழிக்கக் குழு வற்புறுத்தியும், தரைப்படையில் அது தொடர்ந்தது. விவசாயியின் மகன் சீருடை அணிந்து நாட்டைக் காக்கச் சென்று, அதிகாரியின் நாயைக் குளிப்பாட்டும் நிலைக்குத் தள்ளப்படும்போது அவன் மனதில் ஏற்படும் காயத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மனநலம் குன்றியதாக மருத்துவத் தரவரிசையில் பதிவானால் பதவி உயர்வும் பணி நீட்டிப்பும் பாதிக்கப்படும் என்ற அச்சம் சிப்பாய்களை மௌனமாக்குகிறது. பணிக்காலத்தில் மருத்துவரிடம் சென்றால் வேலைக்கு ஆபத்து, செல்லாவிட்டால், ஓய்வுபெற்ற பின் "ஆவணம் எங்கே?" என்ற கேள்வி.

நீதிமன்றம் சொன்னதும் அரசு செய்ததும்

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவான நெறியை வகுத்தது. படையில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாகவே இருந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. ஐயம் எழுந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே. மருத்துவ வாரியம் மறுக்குமானால் காரணம் எழுத வேண்டும். 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகளிலேயே இந்தக் கோட்பாடுகள் இருந்தன. நீதிமன்றம் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. எனினும் மனநோய் விஷயத்தில் இந்த நெறி உறுதிப்படவில்லை. 2019இல் உச்சநீதிமன்றமே, படையில் சேரும்போதான சோதனையில் மனநோயைக் கண்டறிய இயலாது என்று கூறி, மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு முதன்மை அளித்து ஒரு சிப்பாயின் கோரிக்கையை மறுத்தது. 2025 மே மாதத்தில் மற்றொரு மனநோய் வழக்கில், காரணம் கூறாத வாரிய அறிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒருவரின் வாழ்வு எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து அமைவது நீதியாகுமா?

பாதுகாப்பு அமைச்சகம் 2015இல் தானே அமைத்த நிபுணர் குழு, இயலாமை ஓய்வூதியத் தீர்ப்புகளை எதிர்த்து அரசு தொடுக்கும் மேல்முறையீடுகளைக் கைவிடப் பரிந்துரைத்தது. ஆனால், 2025இல்கூட தீர்ப்பாய உத்தரவுகளுக்கு எதிராக ஒன்றிய அரசு தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களை தில்லி உயர்நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தேர்தல் மேடைகளில் சிப்பாயின் பெயரால் வாக்குக் கேட்கும் அரசு, நீதிமன்றத்தில் அதே சிப்பாய்க்கு எதிராக வழக்கறிஞர்களை நிறுத்துகிறது. 2019 ஜூன் 24 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம், இயலாமையால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே வரிவிலக்கு, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்ற மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு இல்லை என்று சுற்றறிக்கை விட்டதும் இதே ஆட்சியில்தான்.

இயலாமைப் பயன்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பது அரசின் வாதம். 2023 செப்டம்பரில் விதிகளைத் திருத்தியபோதும் இதுவே முன்வைக்கப்பட்டது. இந்த வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று கூற முடியாது. ஓய்வுபெறும் அதிகாரிகளில் இப்பயன் பெறுவோரின் விகிதம் சிப்பாய்களின் விகிதத்தைவிட மிக அதிகம் என்று தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. மேல்மட்டத்தில் சலுகை தவறாகக் கையாளப்பட்டால் அங்கே விசாரிக்கட்டும். அதைச் சாக்காக வைத்துக் கீழ்மட்டச் சிப்பாயின் உரிமையை இறுக்குவது வர்க்கச் சார்பின்றி வேறென்ன?

அக்னிவீரருக்கு அதுவும் இல்லை

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம் இந்தச் சிக்கலை அடுத்த தலைமுறைக்குக் கடுமையாக்கியுள்ளது. நான்கு ஆண்டுகளில் 75 சதவீதம் பேர் ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமோ இன்றி வெளியேறுவர். படைப்பணியால் ஏற்பட்டதாக ஏற்கப்படும் இயலாமைக்கு 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 சதவீதம் என்றால் 25 லட்சம், 50 சதவீதம் என்றால் 15 லட்சம் ரூபாய் ஒரே முறை வழங்கப்படும். ஐந்தாம் ஆண்டில், ஒரு தனியார் கிடங்கின் காவலாளியாக நிற்கும்போது அறிகுறிகள் தோன்றினால், அந்த இளைஞர் எந்த மருத்துவமனையின் கதவைத் தட்டுவார்?

இடதுசாரிகளின் கடமை

ராணுவவாதத்தை எதிர்ப்பதும் ராணுவச் சிப்பாயின் உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் முரண்பட்டவை அல்ல. காஷ்மீரிலும் மணிப்பூரிலும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் சிதைக்கப்பட்ட குடிமக்களின் மனங்களுக்கும் இந்த அரசு பதில் சொல்ல வேண்டும். சொந்த மக்களின் வாசலில் துப்பாக்கியோடு நிறுத்தப்படும் ஏழைச் சிப்பாயின் மனமும் அதே கொள்கையால்தான் சிதைகிறது. சிப்பாய் சீருடை அணிந்த தொழிலாளி. அவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லை என்பதாலேயே அவனுடைய கோரிக்கையை உழைக்கும் வர்க்க இயக்கம் ஏந்த வேண்டியுள்ளது.

கோரிக்கைகள் தெளிவானவை. மனநோய் எங்கே தோன்றியது என்பதைக் கொண்டு, களப் பகுதி, அமைதிப் பகுதி எனப் பிரிக்கும் முறை கைவிடப்பட வேண்டும். விடுப்பு மறுப்பு, அவமதிப்பு, பாலியல் துன்புறுத்தல் ஆகியவை பணிசார் காரணங்களாக ஏற்கப்பட வேண்டும். 3 மாதக் கெடு நீக்கப்பட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கே என்பது சட்டமாக வேண்டும். மருத்துவ வாரியங்களில் படைக்கு வெளியிலிருந்து மனநல மருத்துவர்கள் இடம்பெற வேண்டும். தீர்ப்பாய உத்தரவுகளுக்கு எதிரான மேல்முறையீடுகள் திரும்பப் பெறப்பட வேண்டும். சகாயக் முறை ஒழிக்கப்பட வேண்டும். அக்னிபாத் திட்டம் கைவிடப்பட்டு, அதுவரை அக்னிவீரர்களுக்கு வாழ்நாள் மனநல சிகிச்சை உறுதி செய்யப்பட வேண்டும்.

வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அங்கெல்லாம் இரவில் திடுக்கிட்டு எழும் முன்னாள் சிப்பாய்களை "குடியால் கெட்டவர்" என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வதும், வாரிய அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவதும், சென்னை தீர்ப்பாய அமர்வில் வழக்குத் தொடுக்க உதவுவதும் கட்சிக் கிளைகள் உடனே தொடங்கக்கூடிய பணிகள். கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் ஆனாலும் கம்மவான்பேட்டை ஆனாலும், அமைதிப் பகுதியில் உடைந்த மனமும் நாட்டின் பணியில் உடைந்த மனமே.