அடுப்புக்கு முன்னால் மோட்டார் சுவிட்ச்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் நம் பொதுச் சுகாதாரத் துறை மக்களுக்குச் சொல்லும் முதல் வாக்கியம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதுதான். அது சரியான வாக்கியம். ஆனால் எந்தத் தண்ணீரை என்று நாம் சொல்வதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, கேன் தண்ணீர் வந்து சேரவில்லை. அப்படி அடைபட்டுப்போன குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்த நல்ல தண்ணீர் பெரும்பாலும் அதன் தலைக்கு மேலேயே, மாடித் தொட்டியில் இருந்தது. அந்தத் தண்ணீர் தப்புமா கெடுமா என்பதை அடுப்பு தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்பே மோட்டார் சுவிட்ச் தீர்மானித்துவிடுகிறது. நமது அறிவுரையும் அங்கிருந்தே தொடங்கியாக வேண்டும்.

நகரத்து வீட்டின் அமைப்பைப் பாருங்கள். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ முதலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் விழுகிறது. பிறகு மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. சம்ப்பின் மூடி பல வீடுகளில் தரையோடு தரையாக இருக்கும். வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் சம்ப் தெருவோடு கலந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். உள்ளே வருவது மழைநீர் மட்டுமில்லை. பொங்கிய சாக்கடையும் செப்டிக் டேங்க் கழிவும் வருகின்றன, மூழ்கிய வண்டிகளின் டீசலும் வருகிறது. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய்க் கழிவு புகுந்ததை மறந்துவிட முடியாது. காய்ச்சினால் கிருமி சாகும், எண்ணெய் போகாது. குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. இந்த நிலையில் மின்சாரம் திரும்பியதும் யாராவது மோட்டாரைப் போட்டால், சில நிமிடங்களில் மேலே இருந்த நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். அடுக்குமாடிகளில் இன்னும் மோசம்: தொட்டி குறைந்தால் தானாகவே ஓடும் கருவி பொருத்தியிருப்பார்கள், யாரும் கை வைக்கவே வேண்டாம். எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொட்டியை நிரப்பி, வெள்ளம் வாசலைத் தொடும் முன்பே மோட்டாரின் மின் இணைப்பை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். சம்ப்பை இறைத்து, கழுவி, குளோரின் போடும் வரை அதைத் திரும்பத் தொடக்கூடாது.

ஒரு தொட்டித் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்கலாம். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்ஃபியர் தரநிலை ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்கிறது. அதில் குடிக்கவும் உணவுக்கும் இரண்டரை முதல் 3 லிட்டர். தொட்டியில் 500 லிட்டர் மிஞ்சியிருந்தாலும் நான்கு பேருக்கு எட்டு நாள் ஓடும். குடிக்க மட்டும் என்று ஒதுக்கினால் ஒரு மாதத்துக்கு மேல். கீசரிலும் 15, 25 லிட்டர் இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்து, ஆறவிட்டு, அடிப்பக்கக் குழாய் வழியாக இறக்கிக்கொள்ளலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிக்க ஆகாது.

மாடித் தொட்டியை யார் கழுவுகிறார்கள், அதை நம்பலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆண்டுக்கணக்கில் திறக்காத தொட்டிகள் உண்டு. ஆனால் அங்கே உள்ள கேடு பெரும்பாலும் கிருமிக் கேடு, அதற்கு நம் கையில் மருந்து இருக்கிறது. தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது நாம் எல்லோரும் படித்த கணக்கு. அது தொடக்கக் கணக்குதான். குறைந்தது அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் காட்டுகிறதா என்பதே தேர்வு. பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கலங்கிய தண்ணீரில் குளோரின் வீணாகும். வீட்டுக்காரர் கையில் பவுடரைக் கொடுப்பது ஆபத்து என்பவர்கள் சொல்வதும் சரியே, குடத்துக்குக் குளோரின் மாத்திரை கொடுப்போம். காஸ் இருந்தால் காய்ச்சட்டும். ஆனால் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நாம் சொல்லிவருவது சிலிண்டரைத்தான் காலி செய்கிறது.

அரசே தண்ணீர் கொடுக்கும்போது வீட்டுக்குள் எதற்குத் தேட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் லாரி வர சாலை வேண்டும், வெள்ளத்தின் முதல் நாட்களில் இல்லாதது அதுதான். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: தொட்டியே இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? அடிபம்பையும் தெருக்குழாயையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மோட்டார் பற்றிய அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு மூடியுள்ள குடங்களும் குளோரின் மாத்திரைகளும் வெள்ளம் வடிந்தபின் முகாமில் கொடுக்கப்படுகின்றன. செப்டம்பரிலேயே, கொசுப்புழு பார்க்க வீடுவீடாகப் போகும் பணியாளர்களின் பையில் அவற்றை வைத்து அனுப்புவதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.