அமெரிக்காவில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ்: 'அட்வைசர்' ஒருவர் இல்லை, மூன்று பேர்! கோர்ஸை டிராப் பண்ணும் முன் யாரைக் கேட்கணும்?

செமஸ்டர் தொடங்கி ஐந்தாவது வாரம். முதல் மிட்-டெர்ம் மார்க் வருகிறது. அல்காரிதம்ஸ் பாடத்தில் வகுப்பு சராசரிக்கும் ரொம்பக் கீழே. கூடவே மெஷின் லேர்னிங் அசைன்மென்ட், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் ப்ராஜெக்ட். 'இந்த ஒரு கோர்ஸை மட்டும் டிராப் பண்ணிடலாமா?' என்று தோன்றும். ரூம்மேட்டிடம் கேட்டால், "நானும் பண்ணேன், ஒண்ணும் ஆகல" என்கிறார். பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு க்ளிக் போதும்.

அந்த ஒரு க்ளிக், விசா அந்தஸ்தையே காலி செய்துவிடலாம். அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதிலேயே பல புதிய மாணவர்களுக்குக் குழப்பம்.

'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கையின்படி, 2024-25 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். இவர்கள் அதிகம் தேர்வு செய்வது கணிதம் மற்றும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவைத்தான். தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் எம்.எஸ். படிக்கப் போகிறார்கள்.

நம்ம ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் கிளாஸ் அட்வைசர் என்று ஒருவர் இருப்பார். அட்டெண்டன்ஸ் குறைந்தால் அவரே கூப்பிட்டுக் கேட்பார், வீட்டுக்கும் போன் போகும். அமெரிக்காவில் அப்படி யாரும் தேடி வர மாட்டார்கள். கேட்டால்தான் பதில். அதுவும் சரியான ஆளைக் கேட்டால்தான்.

யார் அந்த மூன்று பேர்?

முதலாமவர், கிராஜுவேட் அட்வைசர். இவர் பெரும்பாலும் பேராசிரியர் இல்லை, துறை அலுவலக ஊழியர். பட்டம் வாங்க எத்தனை கிரெடிட் வேண்டும், எது கட்டாயப் பாடம், எந்த கோர்ஸ் கணக்கில் வரும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும்.

இரண்டாமவர், ஃபேக்கல்டி அட்வைசர். ஆராய்ச்சி, தீசிஸ், பி.எச்டி. யோசனை இருந்தால் இவர் முக்கியம். நம்ம ஊரில் 'கைடு' என்று சொல்வோமே, அவர்தான். வகுப்பு மட்டும் படித்து பட்டம் வாங்குபவர்கள் இவரை அதிகம் சந்திக்காமலே படிப்பை முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாமவர், டி.எஸ்.ஓ. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருப்பவர். உங்கள் ஐ-20 படிவத்தைக் கொடுப்பதும், மாணவர் விசா தகவல்களை வைத்திருக்கும் 'செவிஸ்' என்ற அரசு கணினிப் பதிவைக் கையாள்வதும் இவர்தான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 'டிராப் பண்ணலாமா?' என்று கிராஜுவேட் அட்வைசரிடம் கேட்டால், 'பண்ணலாம், அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லக்கூடும். படிப்பைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். விசா பற்றிய முடிவு அவர் கையில் இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு அலுவலகங்களில் இரண்டு பதில் வரும்.

டிராப் பண்ணினால் என்ன ஆகும்?

எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு ரெகுலர் செமஸ்டரிலும் முழுநேர மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். முதுநிலை மாணவர்களுக்கு எத்தனை கிரெடிட் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். பல இடங்களில் இது 9 கிரெடிட், அதாவது மூன்று கோர்ஸ். அதில் ஒன்றை விட்டால் 6. டி.எஸ்.ஓ.வின் முன்அனுமதி இல்லாமல் இப்படிக் குறைந்தால், அது விசா விதிமீறல். செவிஸ் பதிவு ரத்தாகலாம்.

அனுமதி கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் காரணங்கள் குறைவு. தகுதிக்கு மீறிய நிலை கோர்ஸில் சேர்க்கப்பட்டது, தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்புச் சுமையிலோ திணறல், அமெரிக்கப் பாடமுறை பழக்கமின்மை ஆகியவை படிப்பு சார்ந்த காரணங்களாக ஏற்கப்படும். இதையும் ஒரு பட்டப்படிப்பு நிலையில் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம். குறைந்தது பாதி கிரெடிட்டாவது இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். மருத்துவக் காரணத்துக்குத் தனி விதி உண்டு.

கடைசி செமஸ்டரில் மீதமுள்ள கோர்ஸ்களை மட்டும் எடுக்கவும் டி.எஸ்.ஓ. அனுமதி தரலாம். ரூம்மேட் சொன்னது பொய்யில்லை. ஆனா அவருக்கு அது கடைசி செமஸ்டராக இருந்திருக்கலாம். உங்களுக்கு முதல் செமஸ்டர்!

பாஸ் ஆனால் போதாதா?

போதாது. பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளில் சராசரி 4-க்கு 3.0 இருக்க வேண்டும். 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3, 'சி' என்றால் 2. மூன்று கோர்ஸில் இரண்டு 'பி', ஒரு 'சி' வந்தால் சராசரி 2.67. எதிலும் ஃபெயில் இல்லை, ஆனாலும் 'ப்ரொபேஷன்' என்ற எச்சரிக்கை வரலாம். அடுத்த செமஸ்டரின் மூன்று கோர்ஸில் ஒரு 'ஏ', இரண்டு 'பி' வாங்கினால்தான் சரியாக 3.0-வை எட்ட முடியும்.

அதனால்தான் முதல் செமஸ்டரில் எந்த கோர்ஸ் எடுக்கிறோம் என்பது முக்கியம். இ.சி.இ., மெக்கானிக்கல் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், டிஸ்க்ரீட் மேத்ஸ் அடிப்படை குறைவாக இருக்கலாம். எல்லாரும் எடுக்கிறார்கள் என்று மூன்று கனமான கோர்ஸை ஒன்றாக எடுத்தால், ஐந்தாவது வாரத்தில் மூச்சு முட்டும். முந்தைய செமஸ்டர் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'என் பின்னணிக்கு இது சரிவருமா?' என்று வகுப்பு தொடங்கும் முன்பே கிராஜுவேட் அட்வைசரிடம் கேட்பது நல்லது.

ஆன்லைன் கோர்ஸிலும் கவனம் வேண்டும். ஒரு செமஸ்டரில் ஒரு வகுப்பு அல்லது 3 கிரெடிட் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும்.

இன்டர்ன்ஷிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பொதுவாக ஒரு முழு கல்வி ஆண்டை முடித்தால்தான் சி.பி.டி. என்ற இன்டர்ன்ஷிப் அனுமதி கிடைக்கும். ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு அடுத்த கோடைக்காலம்தான் அந்த வாய்ப்பு. படிப்புக்குப் பின் ஓ.பி.டி. அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஆனா முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் பயன்படுத்தியவருக்கு அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. கிடையாது.

விசா அந்தஸ்தை இழந்தால், மீட்டுத் தரக் கோரி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வெளியேறி புது ஐ-20-யுடன் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் அந்த ஓராண்டுக் கணக்கும் முதலில் இருந்து தொடங்கும். வீட்டுப் பத்திரத்தை வைத்து கல்விக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அப்பா போன் பண்ணிக் கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. மாணவரின் கல்வித் தகவல்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 'ஃபெர்பா' என்ற 1974-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மகனோ மகளோ தடுமாறுவது ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தெரியாமலே போகலாம். அதனால் 'மார்க் என்ன?' என்று கேட்பதைவிட, 'டி.எஸ்.ஓ.வைப் பார்த்தியா?' என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

இப்போது ஏன் கூடுதல் கவனம்?

2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அமெரிக்க அரசு திடீரென ரத்து செய்தது. பலர் நீதிமன்றம் போன பிறகு பதிவுகள் மீட்கப்பட்டன. அது கோர்ஸ் டிராப் தொடர்பான நடவடிக்கை இல்லை. ஆனால் செவிஸ் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதை எல்லோருக்கும் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாணவர் விசாவில் தங்கும் காலத்துக்கு அதிகபட்சம் 4 ஆண்டு வரம்பு, முதுநிலை மாணவர்கள் நடுவில் படிப்பை மாற்றத் தடை ஆகியவற்றை அரசு முன்மொழிந்தது. தவறான கோர்ஸ், தவறான பிரிவு என்று தெரிந்தபின் மாற்றிக்கொள்ளும் வழிகளைக் குறுக்கும் போக்கு இது.

என்ன செய்யணும்?

முதல் இரண்டு வாரத்திலேயே, கோர்ஸ் மாற்றும் கடைசித் தேதிக்கு முன், கிராஜுவேட் அட்வைசரை ஒருமுறை பாருங்கள். கிரெடிட் எண்ணிக்கை மாறும் எந்த முடிவுக்கும் டி.எஸ்.ஓ.வின் அனுமதி முதலில், க்ளிக் பிறகு. நேரில் பேசியதை மெயிலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். மார்க் மோசமாக வந்தால் பேராசிரியரின் 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' நேரத்தில் போய், இன்னும் எவ்வளவு மார்க் மீதம் இருக்கிறது என்று கேளுங்கள். டிராப் பண்ணாமலே கரையேற வழி இருக்கலாம்.

சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வீடு கிடைக்கும், மளிகைக்கடை எங்கே என்று தெரியும். விசா விஷயத்தில் மட்டும் அங்கே கேட்டு முடிவு எடுக்காதீங்க.