உடைக்காத சிப்பி

நம் ஊர்க் கடலில் முத்துக் குளிப்பு நடந்த நாட்களில் சிப்பிகளை ஏலம் விடும் முறை வெகு விசித்திரமானது. கரை சேர்ந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து, ஒன்றையேனும் உடைத்துப் பாராமலே விலை கேட்பார்கள். ஏலம் எடுத்தவன் அவற்றை அழுகவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவிப் பார்த்த பிறகே தான் செல்வந்தனா ஏமாளியா என்பதை அறிவான். 1961-ஆம் வருஷத்தோடு அந்தக் குளிப்பு நின்றது. ஆயினும் ஏலமுறை முற்றிலும் அழிந்துவிட்டதாக நாம் நினைக்கவில்லை. மோட்டார்க் கம்பெனிகள் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வருகின்றன.

வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியார் சில்லாநத்தத்தில் அமைத்த மின்சார மோட்டார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 வண்டிகள் செய்யக்கூடிய சாலை அது. உப்பும் கருவாடும் ஏற்றிய ஊரில் மோட்டார் பிறக்கிறதென்றால் யாருக்குத்தான் பெருமை இராது? ஆனால் கம்பெனியாரின் முதல் கடை திறந்ததோ சூரத் நகரத்தில்! பிள்ளை பிறந்தது இங்கே, பெயர் சூட்டியது அங்கே. அது போகட்டும். ஜூலை 15-ஆம் தேதி முதல் 21,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். வண்டியின் விலை என்னவென்று சொன்னது செப்டம்பர் 6-ஆம் தேதி! கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே. என்றாலும் விலை தெரியாமல் பணம் கட்டுவதை உடைக்காத சிப்பி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இன்னொன்றும் உண்டு. அதே வருஷம் ஜனவரியில் தில்லிக் கண்காட்சியில் இவர்கள் வைத்திருந்த வண்டிகளுள் வி.எப். 3 என்ற குட்டி வண்டி ஒன்று. இரண்டே கதவுகள், தகரப் பெட்டி போன்ற உருவம். மோட்டார்ப் பித்தர்கள் பலர் அதன்மேல் ஆசை வைத்தார்கள். கடைக்கு முதலில் வந்தவையோ வி.எப். 6-ம் வி.எப். 7-ம். ஊரில் எல்லோரும் விற்கும் ஜாதி வண்டிகள்தாம்.

நம்மிடம் பௌதிகம் படித்த பையன் ஒருவன் இப்போது உப்பளத்து ஆபீஸில் கணக்கெழுதுகிறான். வகுப்பில் நியூட்டன் விதியைக் கேட்டால் விழிப்பான். மோட்டாரின் பல்சக்கரங்களைக் கேட்டால் மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான். ஏழு வருஷம் பணம் சேர்த்து, போன மாதம் ஒரு கடைக்குப் போனான். கம்பெனியின் பெயர் நேயர்களுக்கு வேண்டாம். அவன் விரும்பியது கையால் கியர் மாற்றும் வண்டி, விளம்பரத்தில் கண்ட பச்சை வர்ணத்தில். "பச்சை வருவதில்லை, வெள்ளைதான் இருக்கிறது. கைக் கியரை யாரும் கேட்பதில்லை" என்றாராம் கடைக்காரர்.

"ஸார், கேட்டுக்கொண்டு எதிரே நிற்கிறவன் நான் ஒருவன் இருக்கிறேனே, நான் யார்?" என்று நம்மிடம் வந்து கேட்டான். நம்மிடம் பதில் இல்லை.

கடைக்காரரை முழுவதும் குறை சொல்லலாகாது. அபூர்வமான வண்டியை வாங்கி நிறுத்திவைத்தால் வட்டி ஏறுகிறது. உதிரி பாகங்களும் தூசி படிகின்றன. நம் சந்தேகம் வேறு. விற்கவில்லை என்று கைவிடுகிறார்களே, ஒழுங்காக விற்றுப் பார்த்தார்களா?

மாருதியின் ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். மலையும் சேறும் ஏறக்கூடிய சின்னஞ்சிறு வண்டி. 2023 ஜனவரியில் முன்பணம். விலை தெரிந்தது ஜூனில், 12.74 லட்சத்திலிருந்து. டிசம்பரில் ஒரு விசேஷப் பதிப்பு என்று சொல்லி 10.74 லட்சத்துக்கு இறக்கினார்கள். ஆறு மாதம் முந்தி ஆவலோடு ஓடிய மனிதனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்! இங்கே மந்தமாகப் போன அதே ஐந்து கதவு வண்டி இந்தியாவிலிருந்து கப்பலேறி 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானுக்குப் போயிற்று. நான்கே நாட்களில் சுமார் 50,000 பேர் பதிவு செய்ய, பதிவையே நிறுத்தி வைத்தார்கள்.

டாட்டாவின் நானோ கதை இன்னும் பரிதாபம். பின்புறத்தில் எஞ்சின் வைத்து, நான்கு பேர் அமர இடம் செய்து, 2009-ல் வெளிவந்த அந்தச் சாமர்த்தியமான வண்டியை "மலிவு வண்டி" என்றே ஊரெல்லாம் பறையடித்தார்கள். மலிவானவன் என்று அண்டை வீட்டான் சொல்ல யார் விரும்புவார்கள்? அந்தப் பட்டம் தவறாயிற்று என்பதை ரத்தன் டாட்டாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2018-ல் உற்பத்தி அடங்கியது.

1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்குகள் விற்றார். எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள். இலவசப் பிரயாணத்தோடு குடையும் கொடுத்தார்கள் என்பர். அப்படியும் ஜனங்கள் சில காலம் சுதேசிக் கப்பலை விடவில்லை. பங்கு வாங்கியவனே அதற்குச் சம்பளமில்லாத ஏஜெண்டாக இருந்தான். மோட்டார்ப் பித்தனும் அப்படிப்பட்டவன்தான். அவனை டிசம்பரில் முட்டாளாக்கினால் மறுபடி யாரிடம் போய்ப் புகழ்வான்?

இது பித்தர்களின் வீட்டுக் கவலை மட்டுமன்று. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, போர்டு கம்பெனி 2021-ல் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் வாசலில் தொழிலாளிகள் நின்ற காட்சி நமக்கு நினைவிருக்கிறது. சில்லாநத்தம் சாலையின் வாசலுக்குள் இப்போது நம்மிடம் படித்த பையன்கள் போகிறார்கள். ஆகவே குட்டி வண்டியை எப்போது, என்ன விலைக்கு, எந்த வர்ணத்தில் விற்பார்கள் என்பதைக் கேட்க நமக்குச் சிறிது பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறோம்.

உப்பளத்துப் பையன் வெள்ளை வண்டியை வாங்கவில்லை. பணத்தைப் பாங்கியில் திரும்பப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஆபீஸுக்குப் போகிறான். சைக்கிள் பச்சை.